மீதியைக் கீழிருந்து எழுது: அடிமான மாற்றம் என்னும் முதல் பயிற்சி

சேலத்தின் தொலைபேசிக் குறியீடு 0427. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு முழு எண் மாறிக்கு இந்த நான்கு இலக்கங்களையும் அப்படியே மதிப்பாகக் கொடுத்து அச்சிடச் சொன்னால் திரையில் 279 வரும். நாமக்கல்லின் 04286-ஐக் கொடுத்தால் அதுகூட வராது. பிழை என்று சொல்லி கம்பைலர் நிரலையே திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சி மொழிக் குடும்பத்தில் பூச்சியத்தில் தொடங்கும் முழு எண்ணை எட்டடிமான எண்ணாகவே படிப்பார்கள். 4×64, 2×8, 7 மூன்றையும் கூட்டினால் 279. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. அதனால் நாமக்கல் உள்ளேயே நுழைய முடியவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த மாணவருக்கு இதைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாமே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. 'எண்ணிலை (எட்டடிமான) எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றுக' என்ற கேள்விக்கு அவர் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். ஆனாலும் 0427 எப்படி 279 ஆனது என்று கேட்டால் கணினியில்தான் ஏதோ கோளாறு என்பார். செய்யத் தெரிந்த கணக்கு கண்முன்னே நடக்கும்போது அடையாளம் தெரியாமல் போவது ஏன் என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு நூலில் எண் முறைகள் இரண்டாம் பாடம். பதின்மம், இருநிலை, எண்ணிலை, பதினாறு நிலை என நான்கு முறைகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற மூன்றுக்கும் போகலாம் என்பதால் மொத்தம் பன்னிரண்டு திசைகள். மாணவர் மனத்தில் இவை பன்னிரண்டு தனித்தனிச் செய்முறைகளாகத் தங்கிவிடுகின்றன. இரண்டால் வகு, மீதியைக் கீழிருந்து மேலாக எழுது. வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரி. நான்கு நான்காகப் பிரி. விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன நம் மாவட்டங்களில் இப்படிப்பட்ட பாடத்துக்குத் தனி மரியாதை உண்டு. பயிற்சி செய்தால் மதிப்பெண் நிச்சயம். விடை ஒன்றுதான், திருத்துபவருக்கும் குழப்பமில்லை. இதே பாடம் அடுத்து சி பிளஸ் பிளஸ் ஆய்வகத்திலும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானிலும், கல்லூரி முதலாண்டில் சி மொழியிலும் நிரல் எழுதும் பயிற்சியாகத் திரும்ப வருகிறது. சிக்கல் தொடங்குவது அப்போதுதான். தாளில் கைக்கு வந்த செய்முறை நிரலில் வருவதில்லை. மீதியை ஏன் கீழிருந்து எழுதினோம் என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை.

முட்டையும் மரக்காலும்

இந்தப் பாடத்தை இரண்டில் தொடங்குவதே தவறு என்பது என் கருத்து. இரண்டு மிகச் சிறிய அடிமானம். அதில் இலக்கமும் மீதியும் ஒன்றும் பூச்சியமுமாகவே இருப்பதால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

முட்டை அட்டை ஒன்றில் 30 குழிகள். உள்நாட்டுச் சந்தைக்குப் போகும் பெட்டியில் வழக்கமாக ஏழு அட்டைகள், ஆக 210 முட்டைகள். ஒரு பண்ணையில் 10,000 முட்டைகள் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் 333 அட்டை, மீதி 10 முட்டை. 333-ஐ 7-ஆல் வகுத்தால் 47 பெட்டி, மீதி 4 அட்டை. 47 பெட்டி, 4 அட்டை, 10 முட்டை. முதலில் கிடைத்த மீதி உதிரி முட்டை, கடைசியில் கிடைத்தது பெட்டி. சொல்லும்போது பெட்டியை முதலில் சொல்கிறோம். மீதியைக் கீழிருந்து எழுத வேண்டிய காரணம் அவ்வளவுதான்: முதல் வகுத்தல் மிகச் சிறிய அலகைப் பிரித்துக் கொடுக்கிறது, நாமோ பெரிய அலகிலிருந்து எழுதிப் பழகியிருக்கிறோம். இதைப் பார்த்துவிட்ட மாணவருக்கு அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

இங்கே அடிமானம் ஒன்றல்ல. முட்டையிலிருந்து அட்டைக்கு 30, அட்டையிலிருந்து பெட்டிக்கு 7. கணினி நூல்கள் இதைக் கலப்பு அடிமானம் என்கின்றன. நாள், மணி, நிமிடம், நொடி என்று நேரத்தை எழுதுவதும் இதே வகை. எல்லா இடத்திலும் ஒரே எண்ணால் வகுப்பது கலப்பு அடிமானத்தின் எளிய, தனித்த ஒரு நிலை மட்டுமே. பொதுவானதை விட்டுவிட்டுத் தனித்ததில் தொடங்குவதால்தான் செய்முறை மட்டும் மிஞ்சுகிறது.

நம் பாட்டன்மார் நெல்லையும் தானியத்தையும் அளந்த வாய்ப்பாடு இதைவிடச் சுவையானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். (கொங்குப் பக்கம் வள்ளமும் உண்டு. படியின் கொள்ளளவே ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆனால் வாய்ப்பாட்டின் விகிதங்கள்தான் இங்கே முக்கியம்.) ஆழாக்கை ஒன்று என்று கொண்டால் அடுத்தடுத்த அளவுகள் 2, 4, 8, 64, 128, 256. தூணி வரைக்கும் எல்லாமே இரண்டின் அடுக்குகள். கலத்தில் மட்டும் மூன்று குறுக்கிட்டு 768 ஆகிறது.

ஆயிரம் ஆழாக்கு நெல்லை இந்த வாய்ப்பாட்டில் அளந்து பார்க்கலாம். 1000-ஐ இரண்டால் வகுத்தால் 500, மீதி இல்லை. 250, மீதி இல்லை. 125, மீதி இல்லை. ஆழாக்கு, உழக்கு, உரி மூன்றும் பூச்சியம். 125-ஐ எட்டால் வகுத்தால் 15, மீதி 5 நாழி. 15-ஐ இரண்டால் வகுத்தால் 7, மீதி ஒரு குறுணி. 7-ஐ வகுத்தால் 3, மீதி ஒரு பதக்கு. 3 தூணி என்பது ஒரு கலம். ஆக ஒரு கலம், ஒரு பதக்கு, ஒரு குறுணி, ஐந்து நாழி. இப்போது கலத்தை மூன்று தூணியாகவே வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் இருநிலையில் எழுதுங்கள்: தூணி 11, பதக்கு 1, குறுணி 1, நாழி 101, உரி 0, உழக்கு 0, ஆழாக்கு 0. சேர்த்து எழுதினால் 1111101000. ஆயிரத்தின் இருநிலை வடிவம் அதுவேதான்.

'நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தார்கள்' என்று யாராவது முழக்கமிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாதி பாதியாகப் பிரிப்பது தானியம் அளக்கும் எந்தச் சமூகத்துக்கும் இயல்பான வேலை. ஆங்கிலேயரின் பைன்ட், குவார்ட், கேலன் அளவுகளிலும் இரட்டித்தல் உண்டு. வியப்பு முன்னறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பல அடிமானங்களில் மாறி மாறிக் கணக்குப் போடுவது மரக்கால் பிடித்த கைக்கு அன்றாட வேலை. திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வாய்ப்பாடுகளைப் பாடம் பண்ணியது இதற்காகத்தான். செந்தில் பாபு 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகக் கொண்டுவந்த ஆய்வு நூல், அந்தப் பள்ளிகளில் எண்ணும் அளவும் எப்படிப் பழக்கப்பட்டன என்பதை விரிவாகப் பேசுகிறது. மனப்பாடம் அங்கேயும் இருந்தது. ஆனால் பாடம் பண்ணியதைக் களத்துமேட்டில் அன்றைக்கே பயன்படுத்த வேண்டியிருந்தது.

பின்னங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று: 1/4, 1/8, 1/16. மா, காணி என்று இருபதிலிருந்து இறங்கும் வரிசை இன்னொன்று: 1/20, 1/80. இரண்டும் முந்திரியில் சந்திக்கின்றன. முந்திரி 1/320. 320 என்பது இரண்டின் ஆறாம் அடுக்கை ஐந்தால் பெருக்கியது. அதனால் வீசம் சரியாக 20 முந்திரி, மா சரியாக 16 முந்திரி, பத்தில் ஒன்றான இருமா சரியாக 32 முந்திரி. கணினிக்கு வராதது இந்தக் கடைசிக் கணக்குதான். இருநிலையில் பத்தில் ஒன்றை முடிவுள்ள இலக்கங்களால் எழுதவே முடியாது. 0011 என்ற துண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதற்கு இதுவே காரணம். ஓர் அடிமானத்தில் எந்தப் பின்னம் முடியும், எது முடியாது என்பது அந்த அடிமானத்தின் பகாக் காரணிகளைப் பொறுத்தது. இரண்டு மட்டும் இருந்தால் பத்தில் ஒன்று முடியாது. ஐந்தும் சேர்ந்தால் முடியும். கணக்குப் பதிவு மென்பொருள் எழுதுபவர்கள் ரூபாயைப் பின்னமாக வைக்காமல் காசுகளின் முழு எண்ணாக வைப்பதும், எண்சுவடிக்காரர் முந்திரிக் கணக்கில் இறங்கியதும் ஒரே உத்தி.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாக ஆனது. அதுவரை 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. பதினாறடிமானமும் பன்னிரண்டடிமானமும் சட்டைப்பையில் இருந்த காலம். பதின்ம முறை வந்து கணக்கை எளிதாக்கியது, அதில் ஐயமில்லை. கூடவே பத்தைத் தவிர வேறு அடிமானம் உண்டு என்ற நினைப்பையும் அது துடைத்துவிட்டது. நாலணா, எட்டணா என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் பேரப் பிள்ளையின் பதினாறு நிலைக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

இரண்டு குறி இருந்தால் போதுமா?

இருநிலை எண்ணின் வரலாறு எழுதுபவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் சேர்த்துவிடுவார்கள். ஜக்கார்டு தறி அந்தப் பட்டியலில் தவறாமல் வரும். இளம்பிள்ளைச் சேலைகளில் பூவேலை போடும் ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸில் 1804-இல் ஜக்கார்டு வடிவமைத்த முறையின் வழிவந்த துளை அட்டைகள், ஹாலரித்தின் கருவிகள் வழியாக 1890-இன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்பட்டன. இது உண்மை. ஆனால் தறி அட்டையில் எண் இல்லை. ஒரு துளைக்குப் பக்கத்துத் துளையைவிட இரண்டு மடங்கு மதிப்பு என்பது அங்கே கிடையாது. இடமதிப்பு இல்லாத இடத்தில் அடிமானமும் இல்லை. தறியைக் காட்டி இருநிலை எண் முறையை விளக்குவது மாணவரைக் குழப்பும்.

யாப்பில் விஷயம் கொஞ்சம் வேறு. நேர், நிரை என்று அசை இரண்டு. ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. இரண்டின் அடுக்குகள் தமிழ் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. இதுவும் வரிசைப்படுத்தும் வரை வெறும் கோலம்தான். வரிசையில் ஆறாவது என்ன என்று கேட்டு, பட்டியல் முழுவதையும் எழுதாமல் விடை சொல்ல முயலும்போதுதான் அடிமான மாற்றம் பிறக்கிறது. வடமொழி யாப்பில் பிங்கலர் தம் சந்த சூத்திரத்தில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர் வழி இது: எண் இரட்டைப்படையானால் பாதியாக்கி லகு (குறுகிய அசை) எழுது, ஒற்றைப்படையானால் ஒன்று கூட்டிப் பாதியாக்கி குரு (நீண்ட அசை) எழுது. பூச்சியத்திலிருந்து எண்ணாமல் ஒன்றிலிருந்து எண்ணுவதால் அந்த ஒன்று கூட்டல். மற்றபடி பள்ளியில் சொல்லும் தொடர் வகுத்தல்தான். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இருநிலைக் கணக்கைப் பற்றிய தம் கட்டுரையை 1703-க்கான பாரிஸ் கழக ஏட்டுக்காக எழுதினார். அது எண்களைப் பற்றியது; அவருக்குச் செய்யுள் கவலை இல்லை.

மாறிக்குள் இருப்பது எந்த அடிமானம்?

இனி நிரலுக்கு வரலாம். ஆய்வகப் பயிற்சியின் தலைப்பு பெரும்பாலும் 'பதின்ம எண்ணை இருநிலை எண்ணாக மாற்றுதல்' என்றிருக்கும். தலைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. மாணவர் விசைப்பலகையில் 28 என்று அடிக்கும்போது கணினிக்குப் போவது 2, 8 என்ற இரண்டு எழுத்துகள். அவற்றின் ஆஸ்கி குறிகள் 50, 56. உள்ளீட்டுக் கட்டளை அந்த இரண்டு எழுத்துகளை ஓர் எண்ணாக மாற்றி நினைவகத்தில் வைக்கிறது, அதுவும் இருநிலையில். அச்சிடும் கட்டளை மீண்டும் பத்தால் வகுத்து வகுத்து இலக்கங்களைப் பிரித்தெடுத்துத் திரைக்கு அனுப்புகிறது. ஆக, எண்ணை வாங்கி எண்ணை அச்சிடும் மிகச் சாதாரண நிரல்கூட இரண்டு அடிமான மாற்றங்களைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. மாறியில் இருப்பது பதின்ம எண் அல்ல. அது ஓர் எண், அவ்வளவுதான். பதின்மம், இருநிலை என்பவை அதை வெளியே எழுதிக் காட்டும் விதங்கள். இந்தப் பாடத்தில் வரும் பிழைகளில் பாதி, எண்ணையும் எண்ணின் எழுத்து வடிவத்தையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

இதைவிட வேடிக்கை, மாணவர் இந்தப் பயிற்சிக்கு வருவதற்கு முன்பே இதைப் பலமுறை செய்திருப்பார். இலக்கங்களின் கூட்டுத்தொகை, எண்ணைத் திருப்பி எழுதுதல், பாலிண்ட்ரோம், ஆம்ஸ்ட்ராங் எண் (153-க்கு 1, 125, 27) என்று செய்முறை ஏடுகளில் காலங்காலமாக வருபவை எல்லாமே பத்தால் வகுத்து மீதி எடுப்பவை. அந்த 10-ஐ அழித்துவிட்டு 2 என்று எழுதினால் இருநிலை, 8 என்று எழுதினால் எண்ணிலை. ஒரே நிரல். ஆனாலும் இவை வேறு வேறு பாடங்களில், வேறு வேறு தலைப்பில் கிடக்கின்றன.

பன்னிரண்டு செய்முறைகளும் உண்மையில் இரண்டுதான். எழுத்து வடிவத்திலிருந்து எண்ணுக்கு வருவது ஒன்று, எண்ணிலிருந்து எழுத்து வடிவத்துக்குப் போவது மற்றொன்று. 11100-ஐ இடமிருந்து படியுங்கள். ஒவ்வோர் இலக்கம் வரும்போதும் கையில் இருப்பதை இரட்டித்து அந்த இலக்கத்தைக் கூட்டுங்கள்: 1, 3, 7, 14, 28. எதிர்த்திசையில் 28-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள்: 14, 7, 3, 1. ஏறும்போது மிதித்த படிகளிலேயே இறங்குகிறோம். இடமதிப்பு அட்டவணை போட்டு 16, 8, 4 என்று கூட்டும் முறையைப் பாடநூல் தருகிறது. தாளுக்கு அது சரி. நிரலுக்கு இரட்டித்துக் கூட்டுவதே நல்லது. அடுக்குகளைக் கணக்கிட வேண்டியதில்லை, இலக்கம் எத்தனை என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதும் இல்லை. இந்த வழி பள்ளி நூல்களில் பரவலாகாதது பெரிய குறை.

கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி மொழி நூல் இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் வைக்கிறது. எழுத்துச் சரத்தை எண்ணாக்கும் செயற்கூறு ஓர் இடத்தில், எண்ணை எழுத்துச் சரமாக்கும் செயற்கூறு வேறோர் இடத்தில். இரண்டாவதில் இலக்கங்கள் தலைகீழாகவே கிடைக்கின்றன என்று சொல்லிவிட்டு, சரத்தைத் திருப்பும் தனிச் செயற்கூற்றை அழைக்கிறார்கள். வேறு அடிமானங்களுக்கு அதை மாற்றி எழுதுவது வாசகருக்கான பயிற்சி. இன்னும் ஆழமாகப் போக விரும்புபவருக்கு, கனூத் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியில் இடமதிப்பு முறைகளின் வரலாற்றையும் மாற்றும் வழிகளையும் தனித்தனிப் பகுதிகளாகவே எழுதியிருக்கிறார்.

எங்கே உடைகிறது

மாணவர் நிரல்களில் மிகப் பரவலான ஒரு வடிவம், இருநிலை விடையை ஒரு முழு எண் மாறியிலேயே சேர்த்து வைப்பது. மீதியை ஒன்று, பத்து, நூறு என்று பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவார்கள். 28 கொடுத்தால் 11100 என்று சரியாக வரும். அந்த மாறியில் இருப்பது இருநிலை 28 அல்ல, பதினோராயிரத்து நூறு. 32 பிட் முழு எண்ணில் இந்த ஏமாற்று 1023 வரைக்கும் செல்லும். பத்து ஒன்றுகள் கொண்ட 1111111111 அந்த மாறிக்குள் அடங்கும். 1024 கொடுத்தால் விடை ஆயிரம் கோடியாக இருக்க வேண்டும். மாறியின் உச்சமோ 2147483647. திரையில் பெரும்பாலும் 1410065408 என்று வரும். ஆயிரம் கோடியிலிருந்து இரண்டின் 32-ஆம் அடுக்கை இரண்டு முறை கழித்தால் மிஞ்சுவது அது. ஆசிரியர் சோதிக்கும்போது 5, 10, 25 என்று கொடுத்துப் பார்ப்பதால் இந்த நிரல் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. 1024-ஐயும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம்.

பூச்சியம் கொடுத்தால் பல நிரல்கள் எதையும் அச்சிடுவதில்லை; வளையம் ஒருமுறைகூடச் சுழலாது. பதினாறு நிலையில் 31-ஐ மாற்றச் சொன்னால் 1, 15 என்ற இலக்கங்களை ஒட்டி 115 என்று எழுதிவிடும். பதினைந்தை எஃப் என்று ஒற்றை எழுத்தாக்க மறந்ததன் விளைவு. பைத்தானில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் பின்னம் வந்துவிடும். மதிப்பு பூச்சியத்தைத் தொடுவதற்குள் வளையம் ஆயிரம் தடவைக்கு மேல் சுழலும். இவை சில்லறைப் பிழைகள், ஒருமுறை கண்டால் திரும்ப வராது.

எதிர்ம எண் அப்படியல்ல, அதில் சரக்கு இருக்கிறது. எண் பூச்சியம் ஆகும்வரை வகு என்று எழுதிய நிரலுக்கு −5 கொடுத்துப் பாருங்கள். சி பிளஸ் பிளஸில் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்டும். மீதி −1, 0, −1 என்று வந்து நின்றுவிடும். பைத்தானில் முழு எண் வகுத்தல் எப்போதும் கீழ்நோக்கியே போகும். −5, −3, −2, −1, அதன் பிறகும் −1, மீண்டும் −1. நிரல் நிற்கவே நிற்காது. மாணவர் பதறி நிறுத்திவிடுவார். நிறுத்துவதற்கு முன் அது தந்த மீதிகளைப் பார்க்க வேண்டும்: 1, 1, 0, 1, 1, 1, 1, 1 என்று போய்க்கொண்டே இருக்கும். கீழிருந்து எழுதி எட்டு பிட்டோடு வெட்டினால் 11111011. அதே எண் முறைகள் பாடத்தில் 2-இன் நிரப்பு முறையில் −5 என்று படித்தது இதுதான். ஒவ்வொரு பிட்டையும் புரட்டி ஒன்றைக் கூட்டு என்று விதியாகச் சொல்லப்பட்டது, முடியாத வகுத்தலை எட்டாம் இடத்தில் நிறுத்தியது மட்டுமே. பிழை என்று அழிக்கப்படும் ஒரு நிரலுக்குள் பாடத்தின் மிகக் கடினமான பகுதி இருக்கிறது. இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம்.

௧௭௨௯

தமிழ் இலக்கங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பைத்தானின் இன்ட் செயற்கூறுக்கு ௧௭௨௯ என்ற சரத்தைக் கொடுத்தால் 1729 என்று சரியாகப் படிக்கும். யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்கள் என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன; அவற்றில் ௦ மட்டும் பின்னால், 2005-இல் வந்த 4.1 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் மரபுப்படி இந்த எண்ணை ௲௭௱௨௰௯ என்றுதான் எழுதுவார்கள். அதைக் கொடுத்தால் பைத்தான் பிழை என்று மறுக்கும். ௰, ௱, ௲ ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு, இலக்கம் என்ற தகுதி இல்லை. மரபு முறையில் மதிப்பை இலக்கம் இருக்கும் இடம் சொல்வதில்லை, தனிக் குறி சொல்கிறது. அதனால் பூச்சியமும் தேவைப்படவில்லை, 1005 வெறும் ௲௫. இரண்டுமே பத்தைக் கொண்டவை, இடமதிப்பு ஒன்றில்தான் உண்டு. 1729-ஐ வாங்கி ௲௭௱௨௰௯ என்று அச்சிடும் நிரலை எழுதச் சொன்னால், மாணவர் மீதி எடுத்தல், சரம் சேர்த்தல், பூச்சியத்தைத் தாண்டுதல், ஒன்றை விட்டுவிடுதல் எல்லாவற்றையும் தொட்டுவிடுவார். இணையத்தில் நகலெடுக்க விடையும் எளிதில் கிடைக்காது.

1729 என்றதும் ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஈரோட்டில் பிறந்தவர், நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பம். ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண் அது. 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும் என இரண்டு வழிகளில் கனங்களின் கூட்டல் ஆகும் மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சொன்னது உலகறிந்தது. இதையே பன்னிரண்டடிமானத்தில் எழுதினால் 1001. முதல் கூட்டல் எழுதும்போதே கண்ணில் படுகிறது. இருநிலையில் 11011000001, எண்ணிலையில் 3301. இவற்றைப் பார்த்து யாரும் கனங்களை ஊகிக்க முடியாது. எண்ணின் இயல்பு எதிலும் மாறுவதில்லை. எது வெளியே தெரியும், எது மறையும் என்பதை அடிமானம் முடிவு செய்கிறது. மூன்று மூன்றாக, நான்கு நான்காகப் பிரிக்கும் குறுக்குவழி எண்ணிலைக்கும் பதினாறு நிலைக்கும் மட்டும் செல்லுபடியாவதற்கும் இதுவே அடி: 8, 16 இரண்டும் இரண்டின் அடுக்குகள், பத்து அப்படியல்ல.

ஒரே கட்டளையில் மாற்றித் தரும் செயற்கூறுகள் பைத்தானில் இருக்கும்போது இதையெல்லாம் கையால் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வேலையிடத்தில் யாரும் எழுதுவதில்லை. இருநிலை கணினியின் தாய்மொழி, அதனால் கற்க வேண்டும் என்ற வழக்கமான பதிலிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று வலைத்தளம் செய்பவர் வருடக்கணக்கில் ஒரு பிட்டையும் பார்க்காமல் ஓட்டிவிடலாம். ஆனால் தொலைபேசி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் முழு எண் மாறியில் வைத்து முன்னால் இருக்கும் பூச்சியத்தைத் தொலைக்காத ஒரு நிரலாளர் வேண்டுமானால், எண்ணும் எழுத்து வடிவமும் வேறு என்பதை அவர் ஒருமுறையாவது தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். முதலாண்டுப் பயிற்சிகளில் அதற்கு இதைவிடச் சிறிய, முழுமையான பயிற்சி இல்லை. தேர்வில் கேட்கும் பன்னிரண்டு திசைகளைக் குறைத்து, முட்டைப் பெட்டியையும் 1024-ஐயும் −5-ஐயும் கேட்கலாம்.

தொடர் வகுத்தல் தெரிந்துவிட்டது என்று நினைப்பவருக்குக் கடைசியாக ஒன்றைக் கொடுக்கலாம். நாமக்கல் லாரிகளின் டி.என். 28 வரிசையில் ஓர் எழுத்து 9999 வரை போனதும் அடுத்த எழுத்து; அரசுப் பேருந்துக்கு என், அரசு வாகனத்துக்கு ஜி என்று ஒதுக்கியவற்றைத் தவிர்த்து, இசட் முடிந்ததும் ஏஏ. எக்செல் பத்திகளின் பெயரும் அப்படியே: 26-ஆவது இசட், 27-ஆவது ஏஏ. 26-ஆல் வகுக்கும் சாதாரண நிரலில் ஏ-யைப் பூச்சியமாக வைத்தால் இசட்டுக்குப் பிறகு பிஏ வந்துவிடும். ஏ-யை ஒன்றாக வைத்தால் இசட்டுக்கே மீதி பூச்சியம் வந்து எழுத்து கிடைக்காமல் போகும். இந்த முறையில் பூச்சியமே இல்லை. இலக்கங்கள் 1 முதல் 26 வரை. ஒவ்வொரு முறையும் வகுப்பதற்கு முன் ஒன்றைக் கழித்தால் போதும், வளையத்தில் வேறெதையும் மாற்ற வேண்டாம். பிங்கலர் ஒன்று கூட்டியதற்கும் இங்கே ஒன்று கழிப்பதற்கும் காரணம் ஒன்றேதான், எண்ணத் தொடங்கும் இடம். நிரல் சரியா என்று பார்க்க எக்செல்லின் கடைசிப் பத்தியைக் கொடுக்கலாம். அதன் பெயர் எக்ஸ்எஃப்டி: 24×676, 6×26, 4. கூட்டினால் 16,384, இரண்டின் 14-ஆம் அடுக்கு.